பாலே, கன்டெம்பரரி: ஒரே அசைவை இரண்டு விதமாகச் செய்து பார்ப்பது எப்படி?

காலில் ஷூ இருந்தால் பாலே, வெறுங்கால் என்றால் கன்டெம்பரரி. கதை இருந்தால் பாலே, கதை இல்லையென்றால் கன்டெம்பரரி. இந்த இரண்டு நடன வகைகளையும் பலர் இப்படித்தான் பிரிக்கிறார்கள். இந்த அடையாளங்கள் பல நேரம் காலை வாரிவிடும். 1987இல் பாரிஸ் ஓபரா பாலேவுக்காக நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத் அமைத்த ‘இன் த மிடில், சம்வாட் எலிவேட்டட்’ படைப்பில் பெண்கள், விரல் நுனியில் நிற்க உதவும் பாயிண்ட் ஷூ போட்டுத்தான் ஆடுகிறார்கள். ஆனால் இடுப்பு நேர்கோட்டை விட்டு விலகிப் போகிறது. விழுந்துவிடுவார்களோ என்று பதறும் எல்லை வரை உடம்பு இழுபடுகிறது. ஷூவை மட்டும் வைத்து அதை ‘ஸ்வான் லேக்’ போன்ற பழைய பாலேயின் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது.

உண்மையான வித்தியாசம், உடம்பின் எடையை என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. பாலே எடையை மேலே தூக்கி மறைக்கிறது. கன்டெம்பரரி எடையைக் கீழே விட்டு, அந்த இறக்கத்திலிருந்தே அடுத்த அசைவை எடுக்கிறது. முதுகு, கை, மூச்சு, ஷூ எல்லாம் இந்த ஒன்றைத் தொடர்ந்து வருபவை. வீடியோ பார்த்து இதைப் பிடிப்பது கஷ்டம். ஒரே அசைவை அடுத்தடுத்து இரண்டு விதமாகவும் செய்தால் முக்கால் மணி நேரத்தில் உடம்புக்கே தெரிந்துவிடும்.

தொடங்குவதற்கு முன்

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் போதும். மரத் தரை கிடைத்தால் நல்லது. நம் வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ், மொசைக், கிரானைட்தான். அவற்றின் மேல் கீழே சொல்லும் எல்லாவற்றையும் செய்யலாம், குதிப்பதை மட்டும் செய்யக் கூடாது. கல் தரை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. அது முழுக்கக் கணைக்கால் எலும்புக்குத் திரும்பி வரும், சில வாரங்களில் அந்த எலும்போரம் தொட்டாலே வலிக்கும். நடனக் கூடங்களில் மரப் பலகைக்கு அடியில் இடைவெளியோ ரப்பரோ வைத்து, மேலே வினைல் விரிப்பதற்குக் காரணம் இதுதான். யோகா மேட்டில் செய்யாதீர்கள். கால் ஒட்டிக்கொள்ளும், திரும்பும்போது பாதம் நின்றுவிட முட்டி மட்டும் திருகும்.

பாலே பகுதிக்கு மெல்லிய துணி பாலே ஷூ போதும். அது இல்லாவிட்டால் பருத்தி சாக்ஸ் போடலாம், ஆனால் வழுக்கும் தரையில் சாக்ஸோடு சுழல வேண்டாம். கன்டெம்பரரிக்கு வெறுங்கால், முழு நீளப் பேன்ட், முழங்கை வரை மூடும் மேல்சட்டை. வியர்த்த தோல் தரையில் ஒட்டி இழுபட்டால் தீக்காயம் போல உரியும், சென்னை வெயிலில் பத்தே நிமிடத்தில் இது நடக்கும். பிடித்துக்கொள்ள பார் (கைப்பிடிக் கம்பி) இல்லையென்றால் சமையல் மேடையோ ஜன்னல் திண்டோ போதும், இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலி வேண்டாம், லேசான நாற்காலி சாய்ந்துவிடும். போனைப் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்யுங்கள். முதுகு, இடுப்புத் தவறுகள் முன்பக்கப் பதிவில் தெரியாது.

முதல் அசைவு: முட்டியை மடக்குவது

பாலே வகுப்பு பிளியேவில், அதாவது முட்டியை மடக்கி இறங்கி ஏறுவதில் தொடங்கும். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலில் உங்கள் டர்ன்அவுட், அதாவது கால் வெளிப்பக்கம் திரும்பும் அளவு, எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதங்களை ஒட்டி நேராக வைத்து நில்லுங்கள். முன்பாதங்களை மட்டும் லேசாகத் தூக்கி, குதிகாலை அச்சாக வைத்து, தொடையை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்பக்கம் திருப்புங்கள். திருப்ப முடிந்த இடத்தில் பாதத்தை இறக்குங்கள். அதுதான் உங்கள் அளவு. நூறு டிகிரி வந்தாலும் போதும். படங்களில் பார்க்கும் 180 டிகிரிக்காகப் பாதத்தைத் தரையில் உராய்ந்து திருப்பினால் இடுப்பு திரும்பாது, முட்டிதான் திருகும். பாலே கற்பவர்களின் முட்டி வலிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

இப்போது குதிகால் சேர்ந்திருக்க (இதுதான் முதல் நிலை), இரண்டு எண்ணிக்கையில் இறங்கி இரண்டு எண்ணிக்கையில் ஏறுங்கள். குதிகால் தரையை விடக் கூடாது. கீழே பாருங்கள்: முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு மேலே போக வேண்டும். முட்டி கட்டைவிரலுக்கு உள்ளே விழுந்தால் பாதத்தை அளவுக்கு மீறித் திருப்பிவிட்டீர்கள். குறைத்துக்கொள்ளுங்கள். பாதவளைவு சரிந்து கணுக்கால் உள்ளே சாய்ந்தாலும் காரணம் அதே. பின்புறம் வெளியே தள்ளினால் ஆழம் அதிகம். முழு பிளியேயில், அதாவது தொடை தரைக்குச் சமமாகும் வரை இறங்கும்போது, முதல் நிலையில் குதிகால் எழும்பத்தான் செய்யும். ஏறும்போது முதல் வேலையாகக் குதிகாலைத் தரையில் வைக்க வேண்டும், அதன்பின்தான் முட்டி நிமிர வேண்டும்.

இறங்கும்போதே உச்சந்தலை மேலே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு இறங்குகிறது, ஆனால் எடை இறங்குவது போலத் தெரியக் கூடாது. அடியில் ஒரு நொடி கூட நிற்கக் கூடாது. பரதத்தில் அரைமண்டி பழகியவர்களுக்கு இங்கேதான் குழப்பம் வரும். அரைமண்டி உட்கார்ந்து தங்கும் இடம், அடவு முழுக்க அதிலேயே இருப்போம். பிளியே கடந்து போகும் இடம். குதிப்பு, சுழற்சி எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் உந்துதல் வருகிறது. அடியில் தங்கிவிட்டால் அந்த உந்துதல் செத்துவிடும்.

அடுத்து இதையே கன்டெம்பரரியில் செய்யுங்கள். பாதங்களை நேராக, இடுப்பு அகலத்துக்கு விலக்கி வையுங்கள். மூச்சை விட்டபடி முட்டியைத் தளர்த்துங்கள், மடக்க வேண்டாம். இடுப்பின் எடை குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே இறங்கட்டும். இறங்கும்போதே தலையை விட்டுவிடுங்கள். பிறகு கழுத்து, மேல்முதுகு, நடுமுதுகு என்று முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக உருண்டு கீழே வர வேண்டும். எட்டு எண்ணிக்கையில் இறங்குங்கள், எட்டு எண்ணிக்கையில் கீழிருந்து அடுக்கியபடி ஏறுங்கள். தலை கடைசியில்தான் வர வேண்டும்.

இங்கே இரண்டு தவறுகள் வாடிக்கை. ஒன்று, முதுகைத் தட்டையாக வைத்து இடுப்பிலிருந்து குனிந்துவிடுவது. பக்கவாட்டு வீடியோவில் முதுகு பலகை போலத் தெரிந்தால் அதுதான். மற்றொன்று, முழங்காலைப் பூட்டிக்கொண்டு எடையைக் குதிகாலில் தள்ளுவது. அப்போது தொடைப் பின்தசை இழுக்கும், கீழ்முதுகு வலிக்கும். வேகமாக நிமிர்ந்தால் கண் இருட்டும், ஆகையால் ஏறுவதில் அவசரம் வேண்டாம்.

இரண்டையும் நான்கு நான்கு முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பாலேயில் தொடையின் உட்பக்கமும் அடிவயிறும் வேலை செய்வது தெரியும். கன்டெம்பரரியில் பாதத்தின் அடியில் எடை அப்படியே உட்கார்வது தெரியும். இனி வருவதெல்லாம் இந்த இரண்டு உணர்வுகளின் விரிவு.

பாதம்

பாலேயில் டான்டூ என்ற அசைவைத் தினமும் நூற்றுக்கணக்கில் செய்வார்கள். முதல் நிலையிலிருந்து ஒரு காலை முன்னே நீட்டுங்கள். முழு உள்ளங்காலும் தரையைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். முதலில் குதிகால் எழும்பும், அடுத்து பாதத்தின் நடு, அடுத்து முன்பாதம். கடைசியில் விரல் நுனி மட்டும் தரையில் இருக்கும். திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக. விரல்களைச் சுருட்டினால் உள்ளங்காலில் உடனே சுளுக்குப் பிடிக்கும். விரல் நீள வேண்டும், மடங்கக் கூடாது. நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலைத் தரையில் வைத்து விரல்களை மேலே நிமிர்த்துகிறோம் அல்லவா, அதே நீட்டல்தான், பாதத்தின் முடிவு மட்டும் நேர் எதிர். பரதம் பல வருடம் ஆடியவர்களின் பாதம் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். அதை மாற்றச் சில மாதங்கள் பிடிக்கும்.

கன்டெம்பரரியிலும் இதே தேய்ப்பு உண்டு. வெறுங்கால் என்பதால் தோல் தரையில் பிடிக்கும், எடையை நிற்கும் காலுக்குச் சற்று முன்னதாகவே மாற்றிவிட வேண்டும். நீட்டிய பாதம் கூராக இருக்கலாம், தளர்ந்திருக்கலாம், நிமிர்ந்திருக்கலாம், அது அமைப்பாளரின் முடிவு. கட்டைவிரலுக்கு அடியில் தோல் பிளந்தால் ஸ்போர்ட்ஸ் டேப் சுற்றிக்கொண்டு தொடரலாம்.

மார்பும் முதுகும்

பாலேயில் தோள்பட்டை இரண்டும் இடுப்பெலும்பு இரண்டும் ஒரு பெட்டியின் நான்கு மூலைகள் போல நிற்கும். கை முதுகிலிருந்து தொடங்கும், முழங்கை தொங்காது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பார்ப்பவருக்குத் தெரியாது.

கன்டெம்பரரியில் மூச்சே அசைவு. இதை மார்த்தா கிரஹாமிடமிருந்து தெரிந்துகொள்வது நல்லது. 1926இல் நியூயார்க்கில் தன் குழுவைத் தொடங்கிய அவர், மூச்சை விடும்போது உடம்பு உள்ளே போவதையும் இழுக்கும்போது விரிவதையும் எடுத்து, கான்ட்ராக்ஷன், ரிலீஸ் என்று ஒரு முழு முறையாகவே கட்டினார். செய்து பாருங்கள்: தரையில் உட்கார்ந்து உள்ளங்கால் இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஒரு புறங்கையைக் கீழ்முதுகில் வையுங்கள். மூச்சை முழுக்க விட்டபடி அடிவயிற்றை முதுகெலும்பை நோக்கி உள்ளே இழுங்கள். கீழ்முதுகு பின்னால் வந்து கையைத் தள்ள வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு வில் போல வளைந்திருக்கும், ஆனால் தலைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள நீளம் குறையக் கூடாது. மூச்சை இழுத்து, இடுப்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி நிமிருங்கள்.

கை தள்ளப்படாமல் தோள் மட்டும் முன்னால் கூனிக்கொண்டால் அது கான்ட்ராக்ஷன் இல்லை, சோர்ந்து உட்காருவது. பாலே கற்றவர்கள் பலர் இங்கே தடுமாறுவார்கள். வருடக்கணக்காக நிமிர்த்தியே வைத்த கீழ்முதுகு வளைய மறுக்கும். அவசரப்படாமல், வகுப்புக்கு முன் இதையே பத்துத் தடவை உட்கார்ந்த நிலையில் செய்துகொள்ளட்டும்.

சுழல்வது

பாலேயின் பிருவெட்டைப் பலரும் வேகத்தின் காரியம் என்று நினைக்கிறார்கள். அது நிற்பதின் காரியம். ஒற்றைக்காலில், முன்பாதத்தின் மேல், இன்னொரு காலின் விரல் முட்டியைத் தொட்டபடி நான்கு எண்ணிக்கை அசையாமல் நிற்க முடியாதவர் சுழலத் தொடங்கக் கூடாது.

நின்று பழகியபின் கால் சுற்று, அரைச் சுற்று, முழுச் சுற்று என்று ஏற்றுங்கள். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்துப் பிளியே. தள்ளி ஏறும் அதே நொடியில் கைகள் மார்பு முன் வட்டமாகச் சேர வேண்டும், முட்டி பக்கவாட்டில் திறக்க வேண்டும். சுவரில் கண் மட்டத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பு திரும்பத் தொடங்கினாலும் கண் அங்கேயே இருக்கட்டும். இனி முடியாது என்ற இடத்தில் தலை மட்டும் சட்டென்று சுற்றி அதே புள்ளிக்கு வர வேண்டும். இதுதான் ஸ்பாட்டிங். ‘ஸ்வான் லேக்’ மூன்றாம் அங்கத்தில் வரும், காலை வீசி வீசிச் சுழலும் 32 ஃபுவெத்தே இது இல்லாமல் நடக்காது.

பின்னால் விழுகிறீர்கள் என்றால் எடை குதிகாலுக்கு மேலே இருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் தலை சாய்ந்திருக்கிறது, ஸ்பாட்டிங்கில் மோவாய் மட்டத்திலேயே இருக்க வேண்டும். பாதியில் நின்றுபோனால் பிளியே ஆழம் போதவில்லை. கையை வீசி வேகம் கூட்டினால் முதல் சுற்று வரும், இரண்டாவது சுற்றில் அதே கை உங்களை அச்சிலிருந்து தூக்கி எறியும்.

கன்டெம்பரரியில் சுழற்சிக்கு ஒரே வடிவம் இல்லை. முட்டியை மடக்கியபடியே, பாதத்தை நேராக வைத்து, தாழ்ந்து சுழலலாம். சாய்ந்த உடம்போடு சுழலலாம். பழகிப் பார்க்கச் சுலபமானது இது: வலது கையை எடையோடு தொங்கவிட்டு இடப்பக்கம் வீசுங்கள். அந்த வீச்சு தோளை இழுக்கட்டும், தோள் விலாவை, விலா இடுப்பை, இடுப்பு காலை. தலை கடைசியில் வரட்டும். கண்ணை எந்தப் புள்ளியிலும் நிறுத்தாமல் அறையைத் தடவிச் செல்ல விடுங்கள். தலை சுற்றினால் இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலேயில் தவறு என்று சொன்ன அதே கைவீச்சு இங்கே மோட்டார். இரண்டும் கற்பவர்கள் இந்த ஒரு இடத்தில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விழுவது

பாலேயில் இதற்கு இணை இல்லை. அதனால் இதை மெதுவாக, பொறுமையோடு படியுங்கள். அமெரிக்க நடனக் கலைஞர் டோரிஸ் ஹம்ஃப்ரி தன் முறை முழுவதையும் விழுவதற்கும் மீள்வதற்கும் நடுவிலுள்ள தூரத்தில் வைத்தார். அவரிடமிருந்து அவரது மாணவர் ஹோசே லிமோனுக்கு வந்து, இன்று பல வகுப்புகளில் அது இருக்கிறது.

தரையிலிருந்து மேல்நோக்கிக் கற்க வேண்டும், அதாவது நின்று விழுவது கடைசியில். முதலில் பக்கவாட்டில் கால் மடித்து உட்கார்ந்து, வலது கையைத் தரையில் வழுக்கிக்கொண்டே போய்ப் படுத்து எழுங்கள். பக்கத்துக்கு ஐந்து முறை. அடுத்து மண்டியிட்ட நிலையிலிருந்து. மூன்றாவதாக, நின்றபடி.

நின்று விழும் வரிசை: மூச்சை விடுங்கள். இரண்டு முட்டியையும் மடக்கிக் குந்தும் அளவுக்கு இறங்குங்கள். வலது கையை உடம்புக்குப் பக்கத்தில் இல்லாமல் ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்து வெளிப்பக்கம் வழுக்குங்கள். வலது கெண்டைக்காலின் வெளிப்பக்கம் தரையைத் தொடட்டும், அடுத்து தொடை, அடுத்து பின்புறச் சதை, அடுத்து விலாவின் பக்கம், கடைசியில் தோள்பட்டையின் பின்பக்கம். சத்தம் வரக் கூடாது. ‘தொப்’ என்று கேட்டால் ஏதோ ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

தரையில் படக் கூடாதவை முட்டிச் சில்லு, முழங்கை, வால் எலும்பு, விறைத்த மணிக்கட்டு. பயந்தால் கை தானாகவே நேராக ஊன்றும், மணிக்கட்டு முறிவது அப்போதுதான். கையை ஊன்றாமல் வழுக்குவதைப் பழக்கமாக்கினால் இந்த ஆபத்து பெருமளவு போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் உடம்பு பலகையாகும், பலகை விழுந்தால் அடிபடத்தான் செய்யும். முதல் மாதம் முட்டிப் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். எழும்போது கையால் தள்ளி எழாமல், எதிர்ப்பக்கக் காலை வீசி அந்த வேகத்தில் எழப் பாருங்கள். விழுந்த எடையே உங்களைத் தூக்குவது புரியும்.

வகுப்பில் சேரும்போது

பாலே வகுப்பு எந்த ஊரில் போனாலும் அமைப்பு ஒன்றுதான்: பாரில் பிளியே, டான்டூ தொடங்கி உயரக் காலெடுப்பு வரை, பிறகு நடுக்கூடத்தில் நிதான அசைவுகள், சுழற்சி, சிறு குதிப்பு, பெருங்குதிப்பு, முடிவில் வணக்கம். 1661இல் பதினான்காம் லூயி பாரிஸில் நடன அகாடமி நிறுவிய காலத்திலிருந்து வரும் ஒழுங்கின் தொடர்ச்சி இது. பெயர்கள் எல்லாம் பிரெஞ்சில் இருப்பதும் அதனால்தான். வாகனோவா, செக்கெட்டி, லண்டன் ராயல் அகாடமி என்று முறைகள் மாறினாலும் ஒருவர் ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்தில் செல்லும்.

கன்டெம்பரரி வகுப்பு அப்படி இல்லை. சேரும் முன் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய ஒரே முக்கியக் கேள்வி, எந்த வழியில் வந்தவர் என்பது. கிரஹாம் என்றால் தரையில் உட்கார்ந்து தொடங்குவீர்கள். கன்னிங்ஹாம் என்றால் பாலே போன்ற கால்களும் தனியாக இயங்கும் முதுகும் இருக்கும். ஹார்ட்டன் என்றால் தட்டை முதுகும் நீண்ட பக்கச் சாய்வுகளும். ரிலீஸ் முறை (கிரஹாமின் ரிலீஸ் வேறு) என்றால் தளர்வும் தரையும். 1972இல் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிய கான்டாக்ட் இம்ப்ரோவைசேஷன் என்றால் இன்னொருவர் மேல் எடையைக் கொடுத்து வாங்குவீர்கள். “எல்லாம் கலந்துதான்” என்று பதில் வந்தால் ஒரு வகுப்பு பார்த்துவிட்டுச் சேருங்கள். விழுவதைப் படிப்படியாகக் கற்றுத்தராமல் டிவி நிகழ்ச்சி நடன அமைப்பை நேரடியாக ஆடவைக்கும் இடத்தை விட்டு விலகுவது முட்டிக்கு நல்லது.

பாயிண்ட் ஷூவை ஆன்லைனில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். நுனியில் மரக்கட்டை இருக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். துணியும் காகிதமும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கிய பெட்டி அது. அடியில் விறைப்பான ஓர் உள்ளடி, மேலே சாட்டின் துணி. தாங்குவது ஷூ இல்லை, கணுக்காலும் நடு உடம்பும்தான். குழந்தைகளுக்குப் பொதுவாகப் பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு முன், அதுவும் சில வருடப் பயிற்சி இல்லாமல், இதைத் தர மாட்டார்கள். வளரும் பாத எலும்பு அதற்குள் தயாராகாது.

எதை முதலில் கற்பது? பெரியவர்களுக்கு எங்கள் யோசனை: வாரத்துக்கு இரண்டு பாலே, ஒரு கன்டெம்பரரி, வெவ்வேறு நாட்களில். முதல் மூன்று மாதம் ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் தூக்கிய எடையை மாலையில் விடச் சொன்னால் உடம்பு இரண்டையும் அரைகுறையாகச் செய்யும். பல கன்டெம்பரரி குழுக்கள் இன்றும் காலைப் பயிற்சியாகப் பாலே வகுப்பு வைத்திருக்கின்றன, ஆகையால் பாலேக்குச் செலவிடும் நேரம் வீண் போகாது.

பரதம் தெரிந்தவர்களுக்கு இரண்டிலும் ஏதோ ஒன்று கையில் இருக்கும். இடுப்பின் திறப்பும் தாளமும் பாலேக்கு உதவும். தட்டடவின் பலமான தட்டு உதவாது, குதித்து இறங்கும்போது விரல், முன்பாதம், குதிகால் என்று ஓசையில்லாமல் வர வேண்டும். தரையோடு இருக்கும் பிடிப்பு கன்டெம்பரரிக்கு உதவும். இந்தப் பாலம் புதிதும் அல்ல. ருக்மிணி தேவி அருண்டேல், ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்ற பிறகுதான் பரதத்தின் பழைய வடிவமான சதிரின் பக்கம் திரும்பினார். 1985இல் ‘அங்கிகா’ என்ற படைப்பில் நடன அமைப்பாளர் சந்திரலேகா பரதத்தோடு களரியையும் யோகாவையும் ஒரே மேடையில் வைத்தார்.

செய்து பழகிய பின் பார்க்க வேண்டியவை: ‘ஸ்வான் லேக்’கின் 1895இல் பெத்திபாவும் இவானோவும் அமைத்த வடிவத்தில் இரண்டாம் அங்கம். அதையடுத்து பினா பாஷ் 1975இல் வுப்பர்டாலில் அமைத்த ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’. அங்கே மேடை முழுக்க மண் கொட்டியிருக்கும். முதலாவதில் ஆடுபவரின் குதிகாலைப் பாருங்கள், தரையைத் தொடும் நேரம் எவ்வளவு குறைவு என்று. இரண்டாவதில் மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் கால் புதைகிறது, அதைப் பிடுங்க எந்தத் தசை வேலை செய்கிறது என்று பாருங்கள்.